யுஎச்டி 620 லேப்டாப்பில் பிஎஸ்2 எமுலேட்டர்: பத்து நிமிடம் ஓடுகிறது, அப்புறம் ஸ்லோமோஷன்

வைகைக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 வாக்கில் எங்கள் தெருமுனையில் ஒரு கேம் கடை இருந்தது. மூன்று டிவி, மூன்று பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), மணிக்கு 20 ரூபாய். பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் கிடப்போம். ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெயின் என்ற மல்யுத்த கேமைப் போட்டுவிட்டால் வேடிக்கை பார்க்கிற கூட்டம் வாசல் வரை நிற்கும். கடையை மூடும்போது அந்த அண்ணன் ஒரு பிஎஸ்2வையும் நாலு டிஸ்க்கையும் எனக்கே விற்றுவிட்டுப் போனார். போன வருஷம் வரை ஓடியது. இப்போது லேசர் போய்விட்டது, எந்த டிஸ்க் போட்டாலும் படிக்க மாட்டேன் என்கிறது.

அந்த கேம் பிஎஸ்2 தவிர வேறு எதற்கும் வரவில்லை. அதனால் பிசிஎஸ்எக்ஸ்2 போட்டேன், கணினியை பிஎஸ்2 போல நடந்துகொள்ள வைக்கிற எமுலேட்டர். டிஸ்க்கை டிவிடி டிரைவில் வைத்து ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) எடுத்தேன். பயாஸை (பிஎஸ்2 உள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அதே பிஎஸ்2விலிருந்து பென்டிரைவுக்கு எடுத்தேன். இதுவரை எல்லாம் சரி.

லேப்டாப்: ஐ5-8250யு, 8 ஜிபி ராம், இன்டெல் யுஎச்டி 620 (சிபியுவோடு சேர்ந்தே வரும் ஆன்போர்டு கிராபிக்ஸ்), எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. 2018இல் வாங்கியது. திரை 1366க்கு 768.

பிரச்சினை இதுதான். ஒற்றைக்கு ஒற்றை மேட்ச் என்றால் முதல் பத்து நிமிடம் ஒப்பேறும். ரெஸ்லர் நடந்து வரும் என்ட்ரன்ஸில் மட்டும் இழுக்கும். எலிமினேஷன் சேம்பரில் (கூண்டுக்குள் நடக்கும் மேட்ச்) நாலு பேர் சேர்ந்துவிட்டால் எல்லோரும் தண்ணீருக்குள் சண்டை போடுகிற மாதிரி ஆகிவிடுகிறது, கூட்டத்தின் சத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் ஒற்றை மேட்சும் அதே கதி.

செய்து பார்த்தவை: ஒரு காணொளியில் சொன்னபடி ரெசல்யூஷன் பிஎஸ்2வின் அசலைவிட 3 மடங்கு, பிளெண்டிங் அக்யூரசி ஹை. கேம் பூஸ்டர் என்று ஒரு மென்பொருள். ரெஜிஸ்ட்ரியில் போய் வீடியோ மெமரியை 128 எம்பியிலிருந்து 2 ஜிபி ஆக்கினேன். விண்டோஸின் டிஎக்ஸ்டயாக் கருவியில் 2 ஜிபி என்றே காட்டுகிறது, ஆனால் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொன்று, எவ்வளவு நன்றாக ஓடினாலும் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்) 50க்கு மேல் போவதே இல்லை. நாலு கோர், எட்டு த்ரெட் இருந்தும் இப்படியா?

புது லேப்டாப் வாங்கும் நிலையில் இல்லை. அக்கா பையன் கோடை விடுமுறைக்கு வருகிறான், அதற்குள் சரி பண்ண வேண்டும்.

வேகம்99:

ஆன்போர்டு கிராபிக்ஸில் எமுலேட்டர் எல்லாம் வேலைக்கு ஆகாது. கிராபிக்ஸ் கார்டு போடுங்கள்.

பழைய இரும்பு:

லேப்டாப்பில் கார்டை எங்கே சொருகுவது, சார்ஜர் ஓட்டையிலா?

வைகைக்கரை தம்பி, நான் கோவையில் பதினாலு வருஷமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். யுஎச்டி 620இல் பிஎஸ்2 ஓடும். எல்லா கேமும் ஓடாது, உங்கள் மல்யுத்தம் ஓடும். ஆனால் முதலில் அந்த கேம் பூஸ்டரைக் கழற்றி எறியுங்கள். அது வேகம் கூட்டுகிறதோ இல்லையோ, பின்னணியில் உட்கார்ந்து ராமைத் தின்னும்.

ரெஜிஸ்ட்ரி வேலையையும் திருப்பி வைத்துவிடுங்கள். உங்கள் கிராபிக்ஸுக்கு என்று தனி மெமரியே கிடையாது. அந்த 128 எம்பி சும்மா ஒரு கணக்கு. வேண்டியதை அது உங்கள் 8 ஜிபியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும், கிட்டத்தட்ட பாதி வரை. நீங்கள் மாற்றியது வெளியே காட்டுகிற எண்ணை மட்டும். "இவ்வளவு மெமரி இருந்தால்தான் திறப்பேன்" என்று அடம்பிடிக்கும் சில கேம்களை ஏமாற்ற உதவும், மற்றபடி பெயர்ப்பலகையை மாற்றினால் கடை பெரிதாகிவிடாது.

50 எஃப்பிஎஸ் விஷயத்தில் கவலையே வேண்டாம். உங்களிடம் இருப்பது பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிஸ்க். நம் ஊரில் முறையாக வந்தவை பால்தான். அதற்கு 50தான் முழு வேகம். அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி டிஸ்க்குக்குக் கிட்டத்தட்ட 60. இது உங்களுக்கு லாபம்கூட. ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்க 60இல் 16.7 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும், 50இல் 20 கிடைக்கும். எனவே எஃப்பிஎஸ்ஸைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் வருகிற வேக சதவீதத்தைப் பாருங்கள். அது 100இல் நின்றால் சரி. சாதாரண கணினி கேமில் கிராபிக்ஸ் திணறினால் படம் வெட்டி வெட்டி வரும், நேரம் அதன்பாட்டுக்கு ஓடும். எமுலேட்டரில் அந்த பிஎஸ்2வின் கடிகாரமே மெதுவாகிவிடும். அதனால்தான் உங்களுக்குத் தண்ணீருக்குள் சண்டை, கிணற்றுக்குள் சத்தம்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். எமுலேட்டர் செட்டிங்கில் ஓஎஸ்டி (திரைமேலேயே எண்களைக் காட்டுவது) என்று இருக்கும். அதில் வேகம், சிபியு, ஜிபியு மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். இழுக்கிற இடத்தில் இஇ (பிஎஸ்2வின் முக்கிய சிப்பான எமோஷன் எஞ்சின்), ஜிஎஸ் (கிராபிக்ஸ் வேலையை அனுப்புவது), வியு (பிஎஸ்2வின் வெக்டர் யூனிட்), ஜிபியு (உங்கள் கிராபிக்ஸ்) என்று நாலு எண் வரும், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது என்று; குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் எஃப்9 அழுத்துங்கள். அது படம் வரைகிற வேலையை கிராபிக்ஸிடமிருந்து பிடுங்கி சிபியுவிடம் கொடுக்கும், திரும்ப அழுத்தினால் பழையபடி ஆகும். பிடுங்கியதும் வேகம் கூடுகிறதா, குறைகிறதா? அப்புறம் டாஸ்க் மேனேஜரில் இரண்டு விஷயம்: ஆரம்பத்திலும் பத்து நிமிடம் கழித்தும் சிபியு எத்தனை கிகாஹெர்ட்ஸ், மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்படுகிறது.

இதைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும். காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பதில்லை.

வைகைக்கரை:

நன்றி அண்ணா. ராத்திரி முழுக்க இதே வேலைதான்.

என்ட்ரன்ஸில்: வேகம் 68 சதவீதம். இஇ 57, ஜிஎஸ் 40, வியு 33, ஜிபியு 99. எஃப்9 அழுத்தினால் படம் பழைய டிவி மாதிரி மங்கலாகிறது, ஆனால் வேகம் 96க்கு ஏறுகிறது!

பத்து நிமிடம் கழித்து, ஒற்றை மேட்சில்: வேகம் 74. இஇ 97, ஜிஎஸ் 70, ஜிபியு 95. எஃப்9 அழுத்தினால் இன்னும் மோசம், 60க்குப் போய்விட்டது.

சிபியு ஆரம்பத்தில் 3.2 கிகாஹெர்ட்ஸ். பத்து நிமிடத்தில் 1.3. ஸ்லாட் 2இல் 1 பயன்படுகிறது.

பழைய இரும்பு:

அருமை. இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்களிடம் இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று. ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு "வேலைக்கு ஆகவில்லை" என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலாவது, ஆரம்பத்திலேயே ஜிபியு 99, இஇ 57. கிராபிக்ஸ் நாக்குத் தள்ளுகிறது, சிபியு சும்மா நிற்கிறது. காரணம் அந்த 3 மடங்கு. 3 மடங்கு என்றால் நீளத்தில் 3, அகலத்தில் 3, மொத்தம் 9 மடங்கு புள்ளிகள். அதற்குப் பக்கத்திலேயே 1080பி என்று எழுதியிருக்கும். உங்கள் திரையோ 768. வரைந்த பிறகு பாதியைக் கசக்கித் தூக்கிப் போடுகிறீர்கள். 2 மடங்கே உங்கள் திரைக்குக் கிட்டத்தட்ட நிறைவு, வேலையோ 4 மடங்குதான். பிளெண்டிங் அக்யூரசியை பேசிக்குக் கொண்டு வாருங்கள். அது நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதை பிஎஸ்2 செய்த மாதிரியே செய்ய முயல்வது. ஏதாவது கேமில் நிழலோ ஒளியோ தப்பாகத் தெரிந்தால் மட்டும் ஏற்ற வேண்டிய செட்டிங், கூடுதலாக வைத்தால் படம் அழகாகிவிடும் என்று அர்த்தமில்லை. ரெண்டரரை (எமுலேட்டர் எந்த வழியாக கிராபிக்ஸிடம் வேலை சொல்கிறது என்பது) வல்கனில் வைத்துப் பாருங்கள், அப்புறம் டைரக்ட்3டி 11. இரண்டில் எது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், கேமுக்குக் கேம் மாறும். ஐந்து நிமிட வேலைதானே.

இரண்டாவது, 1.3 கிகாஹெர்ட்ஸ். இதுதான் கவலை. உங்கள் சிபியுவின் அடிப்படை வேகமே 1.6, அதற்கும் கீழே போகிறது. இந்த சிப்புக்கு 15 வாட் கணக்கு. அந்த 15ஐயும் சிபியுவும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் ரொம்ப எடுத்தால் சிபியுவுக்கு மிச்சம் குறைவு. டர்போ போட்டு முதல் அரை நிமிடம் ஓடிவிட்டு அப்புறம் இறங்குவது எல்லா லேப்டாப்பிலும் வழக்கம். ஆனால் பத்து நிமிடம் கழித்து அடிப்படைக்கும் கீழே விழுந்தால் அது வாட் கணக்கு மட்டும் இல்லை, பெரும்பாலும் சூடு. 2018 லேப்டாப், ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்திருக்கிறீர்களா? பஞ்சு மில் இருக்கிற ஏரியாவிலிருந்து வருகிற லேப்டாப்பில் ஃபேனுக்கும் காப்பர் தகட்டுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு பட்டை எடுத்திருக்கிறேன். கையில் பிடித்தால் கிழியாது. தூசியை எடுத்து, தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் ப்ளோயர் வைத்து ஃபேனைச் சுழலவிட்டு ஊதாதீர்கள், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். இன்னொன்று, மெத்தைமேல் வைத்து விளையாடுகிறீர்களா? பதில் வேண்டாம், எனக்கே தெரியும்.

பத்து நிமிடம் கழித்து எஃப்9 ஏன் எதிர்த் திசையில் வேலை செய்தது என்று இப்போது புரிந்திருக்கும். அந்த நேரத்தில் சிபியு தானே படுத்துவிட்டது, அதன் தலையில் வரைகிற வேலையையும் ஏற்றினால் என்ன ஆகும்?

மூன்றாவது, ஒரே ராம். தனி கிராபிக்ஸ் கார்டுக்கு சொந்தக் கிணறு உண்டு. உங்களுடையதுக்குத் தெருக்குழாய்தான். சிபியுவும் அதே குழாயில்தான் குடம் வைக்கிறது. டிடிஆர்4 2400 ஒற்றை ராமில் செகண்டுக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி வரும். அதே அளவில் இன்னொரு ராமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் இரட்டைச் சேனல், 38.4. எட்டு ஜிபி போதாது என்பதற்காக இல்லை, குழாய் இரண்டாக வேண்டும் என்பதற்காக. கிராபிக்ஸ் ஆன்போர்டாக இருக்கிற லேப்டாப்புக்கு நான் சொல்கிற முதல் செலவு எப்போதும் இதுதான். கடைக்காரர்கள் "8 ஜிபியை எடுத்துவிட்டு ஒரே 16 போடுங்கள்" என்பார்கள், கேட்காதீர்கள்.

நாலு கோர், எட்டு த்ரெட் என்று கேட்டீர்கள். பிசிஎஸ்எக்ஸ்2க்கு முக்கியமாக வேண்டியது மூன்று த்ரெட்: பிஎஸ்2வின் எமோஷன் எஞ்சினைப் போலச் செய்ய ஒன்று, கிராபிக்ஸ் வேலையை அனுப்ப ஒன்று, எம்டிவியு (வியு வேலையைத் தனி த்ரெட்டுக்குப் பிரிக்கும் செட்டிங்) போட்டிருந்தால் வியுவுக்கு ஒன்று. எமோஷன் எஞ்சின் வெறும் 294.9 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதன் ஒவ்வொரு கட்டளையையும் நம் சிபியு மொழிபெயர்த்து ஓட்ட வேண்டும். எட்டுப் பேர் இருந்தாலும் அந்த வேலையை ஒருவர்தான் செய்ய முடியும். அவர் எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்பதே கணக்கு. எம்டிவியு போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இஇ சைக்கிள் ரேட் என்ற செட்டிங்கைக் குறைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். இப்போதைக்கு வேண்டாம். அது உள்ளே இருக்கிற பிஎஸ்2வையே மெதுவான பிஎஸ்2 ஆக்குவது. மேலே 100 சதவீதம் காட்டும், உள்ளே கேம் ஃபிரேமைத் தவறவிடும். எண் அழகாக இருக்கும், ஆட்டம் இருக்காது.

பனங்கிழங்கு:

பழைய இரும்பு அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இழுவையும் வெட்டும் வேறு வேறு வருத்தங்கள். தம்பிக்கு இழுவை. எனக்கு வெட்டு.

நான் யாழ்ப்பாணம். ரைசன் 5 3500யு, அதோடு வரும் வேகா 8 கிராபிக்ஸ். மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த நின்டெண்டோ வீயிலிருந்து எடுத்த மரியோ கார்ட் டபுள் டாஷ் என்ற ரேஸ் கேமை டால்ஃபினில் (நின்டெண்டோ கேம்களுக்கான எமுலேட்டர்) ஓட்டுகிறேன். வேகம் நூற்றுக்கு நூறு. ஆனால் புதுப் பாதையில் முதல் வளைவில், யாராவது ஆமை ஓட்டை எறிந்தால், ஒரு கணம் உறையும். அதே பாதையை இரண்டாம் முறை ஓடினால் ஒன்றும் இல்லை. ரெசல்யூஷனைக் குறைத்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை. பிறகுதான் விளங்கியது, அது ஷேடர் தொகுக்கிற நேரம். புதிதாக ஒரு காட்சி வரும்போது அதற்கான சின்ன நிரலை டிரைவர் அந்த இடத்திலேயே கட்ட வேண்டும், அதுவரை படம் நிற்கும்.

2017இல் டால்ஃபினில் ஊபர்ஷேடர் என்று கொண்டுவந்தார்கள். புதிய ஷேடர் ஆயத்தமாகும் வரைக்கும் எல்லாவற்றையும் சமாளிக்கிற ஒரு பெரிய ஷேடர் வேலை பார்க்கும். நல்ல யோசனை, ஆனால் அந்தப் பெரியவர் சரியான பாரம். வேகா 8இல் 1 மடங்கில் தாங்கியது, 2 மடங்கில் ஒவ்வொரு தடவையும் திணறியது. கடைசியில் ஸ்கிப் டிராயிங்கில் வைத்தேன். ஷேடர் ஆயத்தமாகும் வரை அந்தப் பொருளை வரையாமல் விட்டுவிடும். எப்போதாவது ஒரு மரம் அரை செக்கன் பிந்தித் தோன்றும், அவ்வளவுதான். தொடங்குவதற்கு முன்பே ஷேடர்களைத் தொகுக்கச் சொல்லும் பெட்டியிலும் சரி போட்டிருக்கிறேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் முதல் நாள் வெட்டு திரும்ப வரும், பயப்பட வேண்டாம்.

கடைசி பெஞ்ச்:

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பை இன்னும் வைத்திருக்கிறேன். 2 ஜிபி ராம், பழைய இன்டெல் எச்டி. இதில் வல்கனே கிடையாது, விண்டோஸில் இன்டெல்லுக்கு வல்கன் ஆறாம் தலைமுறையிலிருந்துதான். பிஎஸ்2வைக் கனவிலும் நினைக்கவில்லை. கையில் வைத்து விளையாடும் பிஎஸ்பிக்கான எமுலேட்டர் பிபிஎஸ்எஸ்பிபி ஓடுகிறது. ரெண்டரர் ஓப்பன்ஜிஎல், 1 மடங்கு, அதாவது பிஎஸ்பியின் சொந்த 480க்கு 272. முழுத்திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் சின்ன ஜன்னலில் வைத்து விளையாடுகிறேன். ஃபிரேம்ஸ்கிப் (சில ஃபிரேம்களை வரையாமல் தாண்டுவது) 1. சண்டை கேமுக்கு ஒத்துவராது, ரேஸுக்குப் பரவாயில்லை.

வேகம்99, என்னையும் கார்டு போடச் சொல்வீர்களா?

வேகம்99:

சரி சரி, தப்புதான். என் கணினியில் ரைசன் 5600ஜி, அதன் கிராபிக்ஸும் ஆன்போர்டுதான். ஒற்றை 16 ஜிபி போட்டிருக்கிறேன். மேலே படித்துவிட்டு இன்னொன்று ஆர்டர் போடப் போகிறேன்.

வைகைக்கரை:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் செட்டிங் மட்டும் மாற்றினேன். 2 மடங்கு, பேசிக், வல்கன். என்ட்ரன்ஸில் ஜிபியு 99இலிருந்து 81க்கு இறங்கியது, வேகம் 100. டைரக்ட்3டி 11இல் அதே இடத்தில் வேகம் 93, எனவே வல்கனிலேயே விட்டுவிட்டேன். ஆனால் பத்து நிமிடத்தில் பழையபடி இழுவை.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திறந்தோம். பஞ்சு மில் இல்லை அண்ணா, எங்கள் வீட்டுப் பூனை. ஒரு குட்டியே செய்யலாம், அவ்வளவு முடி. பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சுத்தம் செய்து, இப்போது மெத்தைக்குப் பதில் அரிசி புடைக்கிற முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கிறேன் (அம்மாவுக்குத் தெரியாது). ஒரு மணி நேரம் கழித்தும் சிபியு 2.6க்குக் கீழே இறங்கவில்லை.

ராம் கடைசியாக வந்தது. பழைய 8 ஜிபி ஒன்று 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது, 2400தான். எலிமினேஷன் சேம்பரில் அதுவரை வேகம் 88இல் தொங்கிக்கொண்டிருந்தது. ராம் போட்ட அன்று அதே கூண்டு, அதே ஆட்கள், 100. ஜிபியு 74. அண்ணன் சொன்ன வரிசையில் செய்யாமல் முதலில் ராம் வாங்கியிருந்தால் பத்து நிமிடக் கோளாறு அப்படியே இருந்திருக்கும், ராமைத்தான் திட்டியிருப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஆசையில் 3 மடங்கு போட்டுப் பார்த்தேன், ஒற்றை மேட்சில் தாங்குகிறது. வைத்துக்கொள்ளலாமா?

பழைய இரும்பு:

தாங்கும், வைத்துக்கொள்ளலாம். 768 திரையில் ஓரங்கள் கொஞ்சம் வழவழப்பாகத் தெரியும், அதற்காகக் கூடுதல் சூடு. என் லேப்டாப் என்றால் 2இல் விட்டுவிடுவேன். டிவியில் எச்டிஎம்ஐ போட்டு விளையாடும்போது மட்டும் 3 வைத்துப் பாருங்கள்.

பூனையை லேப்டாப் பக்கம் விடாதீர்கள். சூடாக இருக்கிறது என்றுதான் அது அங்கே வந்து படுக்கிறது.

வைகைக்கரை:

இப்போது சூடாக இல்லாததால் அது டிவி செட்டாப் பாக்ஸுக்கு மாறிவிட்டது அண்ணா.

அக்கா பையன் நேற்று வந்தான். முதல் மூன்று மேட்சும் அவன்தான் ஜெயித்தான். நாலாவதில் வேகம் 100இல்தான் இருந்தது, நான் பார்த்தேன், சாக்குச் சொல்ல வழியில்லை.